வாலிகண்டபுரம் இல்லாத கிளைவ் படம்

1935 ஜனவரியில் அமெரிக்காவில் வெளியான ‘கிளைவ் ஆஃப் இந்தியா’ படத்தில் காதல் ஒரு சின்னப் பதக்கத்துக்குள்ளிருந்து பிறக்கிறது. சென்னைக் கோட்டையில் சொற்பச் சம்பளத்துக்குக் கணக்கெழுதும் இளைஞன் ராபர்ட் கிளைவ். உடன் வேலை பார்க்கும் எட்மண்ட் மாஸ்கலின் வைத்திருக்கும் பதக்கத்தில் அவன் தங்கை மார்கரெட்டின் முகத்தைப் பார்க்கிறான். பார்த்த மாத்திரத்தில் மனம் போய்விடுகிறது. முன்பின் கண்டிராத அந்தப் பெண்ணுக்குக் கடிதம் எழுதி, கப்பலேறி வரச் சொல்கிறான். கிளைவாக நடித்தவர் ரொனால்ட் கோல்மன். தன் அடையாளமாகவே இருந்த மீசையை இந்த வேடத்துக்காக மழித்துக்கொண்டார். மார்கரெட்டாக லொரெட்டா யங் நடித்தார். இயக்கியவர் ரிச்சர்ட் பொலெஸ்லாவ்ஸ்கி. லண்டனில் 1934இல் மேடையேறிய ஒரு நாடகம்தான் படத்துக்கு மூலம்.

படம் முழுவதையும் தாங்குவது ஒரே கேள்விதான்: ஏழை எழுத்தன் நல்ல குடும்பத்துப் பெண்ணுக்குத் தகுதியானவனாக ஆவது எப்படி? பதில், இந்தியா. இங்கே நடக்கும் போர்கள் எல்லாம் அவன் மேலே ஏறுவதற்கான படிகள். இந்தியர்கள் அந்தப் படிகளில் நிற்கும் உருவங்கள். வங்காள நவாப் சிராஜ் உத் தௌலாவாக ரஷ்யாவில் பிறந்த மிஷா ஆவரும், மீர் ஜாஃபராக நியூயார்க்கைச் சேர்ந்த சீசர் ரொமேரோவும் முகத்துக்குச் சாயம் பூசி நடித்தார்கள்.

கிளைவ் 1744இல் சென்னைக்கு வந்ததும், ஆண்டுக்கு 5 பவுன் சம்பளத்தில் எழுத்தராக இருந்ததும் உண்மை. 1753 பிப்ரவரி 18 அன்று கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் மார்கரெட்டை மணந்ததும் உண்மை. ஆனால் அந்தத் திருமணத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் அவர் வாழ்க்கை திரும்பிய இடங்களில் ஒன்று இன்றைய பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே என்ன நடந்தது என்று பார்த்தால், காலனி காலத்தைப் பற்றிய படங்கள் காதலை எங்கே வைத்தன, எங்கே வைக்க மறுத்தன என்பது விளங்கும்.

பெரம்பலூரிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் வடக்கே போனால் முதலில் வாலிகண்டபுரம், அதைத் தாண்டி ரஞ்சன்குடி. சாலையிலிருந்தே கோட்டை தெரியும். 17ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாபின் கீழிருந்த ஒரு ஜாகீர்தாரால் கட்டப்பட்டது. நீள்வட்ட அமைப்பு, அரைவட்டக் கொத்தளங்கள், சுற்றிலும் அகழி, செதுக்கிய கல்லால் மூன்று நிலைகளில் எழும்பும் மதில்கள். கீழ்நிலைக்குப் பேட்டை என்று பெயர். மேலே இருப்பது கோட்டைமேடு. மேட்டில் அரண்மனையும் குடியிருப்பும் நிலவறையும் இருந்ததற்கான அடையாளங்கள் இன்னும் இருக்கின்றன. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இந்தக் கோட்டையைத்தான் அக்கால ஆங்கிலேயர் ‘வால்கொண்டா’ என்று எழுதினார்கள்.

ஆற்காட்டு நவாப் பட்டத்துக்குச் சந்தா சாகிபும் முகமது அலியும் போட்டியிட்ட நேரம் அது. முதலாமவருக்குப் பிரெஞ்சுக்காரர்கள் துணை, இரண்டாமவருக்கு ஆங்கிலேயர் துணை. 1751இல் கேப்டன் ஜிஞ்சன் தலைமையில் வந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பெனிப் படை இங்கே சந்தா சாகிபின் படையை எதிர்கொண்டது. கோட்டைத் தலைவர் இரு பக்கத்தோடும் பேச்சு நடத்திக்கொண்டே நாளைக் கடத்தினார். பொறுமையிழந்த ஆங்கிலேயர் பேட்டைக்குள் புகுந்து தீ வைத்தார்கள். கோட்டை எதிரியின் பக்கம் சாய்ந்துவிட்டது. மறுபடி சண்டை மூண்டபோது ஐரோப்பியச் சிப்பாய்கள் கலைந்து ஓடினார்கள். ஓடியவர்களை நிறுத்தப் பார்த்த அதிகாரிகளில் கிளைவும் ஒருவர். அப்போது அவர் படைக்குத் தளவாடமும் உணவும் கவனிக்கும் பொறுப்பில் இருந்தார். பின்னாளில் இங்கிலாந்து கொண்டாடிய தளபதி போர்க்களத்துத் தோல்வியை இவ்வளவு நெருக்கத்தில் பார்த்தது இங்கேதான். சில வாரங்களில் அவர் ஆற்காட்டுக்குப் புறப்பட்டார்.

அடுத்த ஆண்டு நிலைமை தலைகீழானது. திருச்சியை முற்றுகையிட்ட பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கத்தில் சிக்கிக்கொண்டது. அதை மீட்கப் புதுச்சேரியிலிருந்து தொத்தே என்ற தளபதி துணைப்படையோடு வந்தார். ஊட்டத்தூர் வரை வந்தவரைச் சமயபுரத்தில் இருந்த கிளைவ் மேலே போக விடவில்லை. பின்வாங்கிய தொத்தே, 1752 கோடையில் இதே வால்கொண்டாவில், அதாவது வாலிகண்டபுரம் பக்கத்தில், கிளைவிடம் சரணடைந்தார். அதன்பின் ஸ்ரீரங்கத்தில் இருந்த பிரெஞ்சுப் படையும் பணிந்தது. சந்தா சாகிப் தஞ்சைத் தளபதியின் ஆட்களால் கொல்லப்பட்டார். கர்நாடகப் பகுதி யாருக்கு என்ற வழக்கில் பெரம்பலூர் மண்ணில் எழுதப்பட்ட தீர்ப்பு முக்கியமானது.

ஹாலிவுட்டுக்கு இந்தத் தோல்வியும் தேவைப்படவில்லை, இந்த வெற்றியும் தேவைப்படவில்லை. ஆனால் அது தவறவிட்டதில் இவற்றைவிடப் பெரிய ஒன்று இருக்கிறது. சரணடைந்த தொத்தே, புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேயின் மைத்துனர். இருவரையும் உறவாக்கியது அல்பேர் குடும்பம். அந்தக் குடும்பத்தின் மகள் ழான் கதையில் இனமும் வர்க்கமும் காதலும் அதிகாரமும் ஒரே வீட்டுக்குள் இருந்தன.

ழான் அல்பேர் 1706இல் புதுச்சேரியில் பிறந்தார். தந்தை பிரெஞ்சுக் கும்பெனியின் அறுவை மருத்துவர். தாய் போர்த்துக்கீசிய, இந்தியக் கலப்பு மரபில் வந்தவர். பதின்மூன்று வயதில் வென்சான் என்ற வணிகருக்கு மணமுடிக்கப்பட்டு, பிள்ளைகள் பலரைப் பெற்று, விதவையானார். 1741இல் துய்ப்ளேயை மணந்தார். அடுத்த ஆண்டு துய்ப்ளே புதுச்சேரியின் ஆளுநரானார். ழானுக்குத் தமிழ் தாய்மொழி போலப் பேச வரும். இந்திய அரசர்களுக்கும் நவாபுகளுக்கும் போகும் கடிதங்களில் அவர் கை இருந்தது. ஒற்றர்களை வைத்துச் செய்தி சேகரித்தார். இந்தியர்கள் அவரை ‘ழான் பேகம்’ என்றார்கள்.

அவரைப் பற்றி நமக்கு நெருக்கமாகச் சொல்பவர் ஒரு தமிழர். துய்ப்ளேயின் தலைமை துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761இல் இறக்கும் வரை நாட்குறிப்பு எழுதினார். ழானை அவருக்குப் பிடிக்காது. ஆளுநரின் காதுக்குப் போகும் வழியில் அந்த அம்மாள் நிற்பது துபாஷிக்குப் பெரிய இடைஞ்சல். 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்ட சமயத்தில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அந்த நாட்களைப் பற்றிப் பிள்ளை எழுதியிருப்பதில் ழான் மீதான கசப்பு வரிக்கு வரி தெரிகிறது. அந்தக் கசப்பின் ஊடாகவே ஒரு முழு மனுஷியும் தெரிகிறாள்: இரண்டு உலகத்திலும் பேச்சு தெரிந்தவள், இரண்டிலும் முழுதாக ஏற்கப்படாதவள், அதிகாரத்தின் ருசி அறிந்தவள். இந்த நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சென்னை அரசு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக அச்சிட்டது. அதாவது கிளைவ் படம் எடுக்கப்பட்டபோது ழானின் கதை புத்தகமாகவே கிடைத்தது. படமெடுத்தவர்களின் கண் பதக்கத்தை விட்டு நகரவில்லை.

ழான் விதிவிலக்கு அல்ல. வெள்ளையர் இங்கே வந்த முதல் நூற்றாண்டில் கலப்பு மணம் குற்றமாகக் கருதப்படவில்லை. 1687இல் லண்டனிலிருந்து கும்பெனி இயக்குநர்கள் சென்னைக்கு எழுதிய கடிதம், சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவிக்கச் சொன்னது. பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆகும் நாளில் தாய்க்கு ஒரு பகோடா நாணயம் பரிசு தரவும் பரிந்துரைத்தது. காரணம் கருணை அல்ல. ஆறு மாதக் கடற்பயணத்தில் பெண்களை அழைத்துவருவது செலவு. கோட்டையைக் காக்க ஆள் வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்த ஆட்கள் மலிவு.

ஒரு நூற்றாண்டு கழிந்தது. கும்பெனி இப்போது வணிகர் கூட்டமல்ல, நாடாளும் அரசு. உத்தியோகங்கள் கொழுத்த வருமானம் தந்தன. இங்கிலாந்துக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்காக அவற்றைக் குறிவைத்தன. இந்தியத் தாய்க்குப் பிறந்த மகன்களைக் கும்பெனியின் சிவில், ராணுவ, கடற்படைப் பணிகளில் சேர்க்கக் கூடாது என்று 1791இல் உத்தரவு வந்தது. 1795இல் இன்னும் இறுகியது. ராணுவத்தில் அவர்களுக்கு மிஞ்சியது குழல் ஊதுவதும் முரசு அடிப்பதும் குதிரைக்கு லாடம் கட்டுவதும்தான். 1909இல் காலனிகளுக்குப் பொறுப்பான அமைச்சர் குரூ பிரபு, அதிகாரிகள் உள்ளூர்ப் பெண்களை வைத்துக்கொள்வதைக் கண்டித்துச் சுற்றறிக்கையே அனுப்பினார். பரிசு கொடுத்து வளர்த்த உறவு இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் ஒழுக்கக்கேடாகிவிட்டது. மாறியது மனித மனம் அல்ல. சொத்தும் பதவியும் யாருக்குப் போக வேண்டும் என்ற கணக்கு. சினிமா பிறந்தபோது இந்தக் கணக்கு இயற்கையின் விதி போல வேடம் தரித்திருந்தது.

தமிழ்நாட்டில் சினிமா ஊர் ஊராகப் போகத் தொடங்கியதும் இந்தத் திருச்சி மாவட்டத்தில்தான். பெரம்பலூரும் அரியலூரும் அப்போது அதன் பகுதிகள். துபோன் என்ற பிரெஞ்சுக்காரர் படக்கருவியோடு சுற்றி வந்து, உடல்நலம் கெட்டு, திருச்சியில் தங்க நேர்ந்தது. தென்னிந்திய ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் அந்தக் கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டுவிட்டு, கூடாரம் அடித்து, ஏசுவின் வாழ்க்கையைக் காட்டும் படத்தை ஊர்களுக்குக் கொண்டுபோனார். பின்னர் கோயம்புத்தூரில் நிரந்தரக் கொட்டகை கட்டினார்.

வெள்ளைத்திரையில் வெள்ளைக்காரியைப் பார்த்து இந்தியன் என்ன நினைப்பான்? ஆட்சியாளர்களுக்கு இந்தக் கவலை சீக்கிரமே வந்துவிட்டது. 1918இல் சினிமாச் சட்டம் வந்தது. சென்னைத் தணிக்கை வாரியத்துக்குத் தலைவர் நகரின் போலீஸ் கமிஷனர். மேல்நாட்டுப் படங்களில் ஐரோப்பியப் பெண்கள் முத்தமிடுவதும் குடிப்பதும் ஆடுவதும் இந்தியர் பார்வையில் ஆளும் இனத்தின் மதிப்பைக் குலைக்கின்றன என்ற புகார் இங்கிலாந்து வரை எழுந்தது. 1927இல் இந்திய அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. தலைவர், சென்னையின் பெயர்பெற்ற வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். நாடெங்கும் சுற்றி நூற்றுக்கணக்கான சாட்சிகளை விசாரித்த குழு, அடுத்த ஆண்டு அறிக்கை தந்தது. மேல்நாட்டுப் படத்தால் விளைந்ததாகச் சொல்லப்பட்ட கேடு மிகைப்படுத்தப்பட்டது என்பது அதன் முடிவு. ஆளும் இனம் தன் மதிப்பைப் பற்றிப் பயந்து கேட்ட கேள்விக்கு, ஒரு தமிழர் தலைமையில் நிதானமான பதில் போனது என்பதை மறக்கக் கூடாது.

அமெரிக்காவிலோ தடை எழுத்திலேயே வந்தது. 1930இல் வகுக்கப்பட்டு 1934 முதல் கண்டிப்பாக அமலான ஹாலிவுட் நெறிமுறை, வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையிலான உறவைத் திரையில் காட்டக் கூடாது என்றது. எழுத்தில் இருந்தது கறுப்பர்தான். ஆனால் மற்ற நிறத்தவரைப் பற்றிய கதைகளும் அதே நிழலில்தான் எழுதப்பட்டன. கிளைவ் படம் அந்தத் தடை இறுகிய சூட்டோடு வந்தது. வெள்ளையனும் வெள்ளைக்காரியும் மட்டும் காதலித்தால் எந்தச் சிக்கலும் இல்லை.

சிக்கலைத் தொட்ட படங்கள் என்ன செய்தன? 1939இல் கிளாரன்ஸ் பிரவுன் இயக்கிய ‘தி ரெயின்ஸ் கேம்’ படத்தில், ஓர் இந்திய சமஸ்தானத்தில் மருத்துவராக இருக்கும் ராமா சஃப்டியை ஆங்கிலச் சீமாட்டி எட்வினா விரும்புகிறாள். மருத்துவராக நடித்தது அமெரிக்க நடிகர் டைரோன் பவர். பார்ப்பவர் மனதில் அவர் வெள்ளையர் என்பது மறையாத அளவுக்கே சாயம். அதுவும் போதவில்லை. வெள்ளமும் கொள்ளைநோயும் வருகின்றன. எட்வினா நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, தொற்றுக் கண்ட தண்ணீரைத் தெரியாமல் குடித்து இறக்கிறாள். மருத்துவர் அரியணைக்குப் போகிறார். 1955இல் இதே கதை மீண்டும் படமானபோது அவள் சாகவில்லை. விட்டுப் பிரிந்து போகிறாள். பதினாறு ஆண்டுகளில் கிடைத்த சலுகை அவ்வளவுதான்.

1956இல் வந்த ‘பவானி ஜங்ஷன்’ இன்னும் நெருக்கமானது. ஜான் மாஸ்டர்ஸின் நாவலை ஜார்ஜ் குகோர் படமாக்கினார். ரயில்வே காலனியில் வளர்ந்த ஆங்கிலோ இந்தியப் பெண் விக்டோரியா ஜோன்ஸாக ஆவா கார்ட்னர். வெள்ளையர் வெளியேறும் காலம். அவள் முன் மூன்று ஆண்கள்: தன் இனத்து ரயில்வே ஊழியன், ஒரு சீக்கிய இளைஞன், ஒரு ஆங்கிலக் கர்னல். நாவலில் அவள் தன் இனத்தவனிடமே திரும்புகிறாள். படத்தில் அவனைச் சாகடித்துவிட்டு, கர்னலோடு சேர்த்துவைத்தார்கள். வண்டியைக் கவிழ்க்கத் திட்டமிடும் கம்யூனிஸ்ட் ஒருவன் வில்லன். இந்திய அரசோடு உடன்பாடு எட்டாததால் படப்பிடிப்பு லாகூரில் நடந்தது.

அந்தக் கதைக்கு நிஜ உலகம் வேண்டுமென்றால் திருச்சிக்கு வந்திருக்கலாம். தென்னிந்திய ரயில்வேயின் தலைமையிடம் அது. பொன்மலைப் பணிமனை 1920களின் பிற்பகுதியில் எழுந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் விழுப்புரத்திலிருந்து அரியலூர் வழியாகத் திருச்சிக்கு நேர்ப்பாதை போடப்பட்டது. டிரைவர், கார்டு, மேற்பார்வை வேலைகளில் ஆங்கிலோ இந்தியர்களுக்கு முன்னுரிமை. 1791இல் உயர்பதவிக் கதவை அடைத்த அரசு, நம்பகமான இடைநிலை ஊழியர்களாக அவர்களை ரயிலில் ஏற்றியிருந்தது. ஊரார் ‘சட்டைக்காரர்’ என்று தள்ளியே வைத்தார்கள். துரைமார் கிளப்பில் அவர்களுக்கு இடமில்லை. அதே பொன்மலையில் 1946 செப்டம்பர் 5 அன்று வேலைநிறுத்தத்தில் இருந்த தொழிலாளர்கள்மேல் மலபார் சிறப்புப் போலீஸ் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். ‘பவானி ஜங்ஷன்’ கதை நடக்கும் அதே கடைசிக் காலம். படத்தில் தொழிலாளர் கிளர்ச்சி ஒரு சதி. பொன்மலையில் அது கூலிக்கும் வேலைக்குமான போராட்டம். ஐந்து பேரின் நினைவு இன்றும் ஆண்டுதோறும் போற்றப்படுகிறது.

தமிழ் சினிமாவின் பக்கம் திரும்பினால் வேறொரு காட்சி. போலீஸ் கமிஷனர் தணிக்கைத் தலைவராக இருக்கும் ஊரில் துரையையும் துரைசாணியையும் வைத்துக் கதை பண்ண முடியாது. தடைசெய்யப்பட்ட காதல் அரண்மனைக்குள்ளும் புராணத்துக்குள்ளும் போய் ஒளிந்துகொண்டது. இதில் பெரிய பங்கு ஓர் அமெரிக்கருடையது. எல்லிஸ் ஆர். டங்கன், கலிபோர்னியாவில் உடன் படித்த மாணிக்லால் டாண்டனோடு 1935இல் இந்தியா வந்தவர். தமிழ் தெரியாமலேயே 1950 வரை தமிழ்ப் படங்களை இயக்கினார்.

அவர் இயக்கி 1936இல் வந்த ‘சதி லீலாவதி’, எஸ்.எஸ். வாசனின் கதை. எம்.ஜி.ஆர். ஒரு சிறு வேடத்தில் அறிமுகமான படம் என்பதற்காகவே இன்று நினைவுகூரப்படுகிறது. ஆனால் குடியால் சீரழிந்த கதாநாயகன் கொலை செய்துவிட்டதாக எண்ணித் தப்பி ஓடுவது இலங்கைக்கு. அங்கே தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். திருச்சி மாவட்டத்துப் பார்வையாளருக்கு இது கற்பனை ஊர் அல்ல. மழை பொய்த்த காலங்களில் மானாவாரி பூமியிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கங்காணியின் முன்பணம் வாங்கிக் ‘கண்டிச்சீமை’க்குப் போனவர்களின் மாவட்டங்களில் திருச்சி முன்வரிசையில் இருந்தது. அந்தக் கடனே அவர்களைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டது. கடன் விவரம் எழுதிய ‘துண்டு’ இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் துண்டு முறை ஒழிந்தது. துரையின் பங்களாவும் கூலியின் லயமும் எதிரெதிரே இருந்த அந்த உலகத்தைத் தமிழ்த்திரை அன்று கூலியின் பக்கமிருந்து தொட்டது. பங்களாவுக்கும் லயத்துக்கும் நடுவே பிறந்த பிள்ளைகளைத் தொடவில்லை.

அடுத்த ஆண்டு டங்கன் எடுத்த ‘அம்பிகாபதி’ அரியலூர் மண்ணுக்குச் சொந்தமானது. கம்பர் மகன் அம்பிகாபதி, குலோத்துங்க சோழன் மகள் அமராவதியைக் காதலித்து உயிரை இழக்கும் பழங்கதை. எம்.கே. தியாகராஜ பாகவதரும் எம்.ஆர். சந்தானலட்சுமியும் காதலர்கள், செருகளத்தூர் சாமா கம்பர், வசனம் இளங்கோவன். டங்கன் ரோமியோ ஜூலியட்டின் சாயலை இதில் விரும்பி ஏற்றினார். காதல் காட்சிகளின் துணிச்சல் அன்று பெரும்பேச்சு. படம் பெரும் வெற்றி. குலோத்துங்கன் காலத்துச் சோழர்களின் தலைநகர் கங்கைகொண்ட சோழபுரம். ராசேந்திரன் எழுப்பிய கோயில் இன்றைய அரியலூர் மாவட்டத்தில் நிற்கிறது. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது கோயிலின் சுற்றுமதிலைத் தகர்த்துக் கல் எடுத்துப்போனது கும்பெனி அரசு. மதிலை இழந்த தலைநகரின் அரசவையை, அந்த ஆட்சி நடந்துகொண்டிருக்கும்போதே, வெளிநாட்டு இயக்குநர் ஒருவர் தமிழருக்குத் திரையில் கட்டிக்காட்டினார்.

அந்த அரசவையில் காதலைத் தடுப்பது நிறம் அல்ல, பிறப்பு. புலவன் மகன் எவ்வளவு பெரிய கவியானாலும் அரசகுமாரியைத் தொடக்கூடாது. கொட்டகையில் மண்தரையில் உட்கார்ந்து பார்த்தவருக்கு இதில் இரண்டு உண்மை ஒருசேரத் தெரிந்திருக்கும். ஆளும் இனம் போட்ட கோடு ஒன்று. அதற்கு முன்பே தன் தெருவுக்கும் சேரிக்கும் நடுவே இருந்த கோடு இன்னொன்று. வெள்ளையன் கலப்பு மணத்தை வெறுக்க நம்மிடம் கற்கவில்லை என்றாலும், அவன் போட்ட கோடு இங்கே எளிதில் வேர்பிடித்ததற்குச் சாதி உழுது வைத்த நிலம் ஒரு காரணம். இந்த இரண்டையும் பிரித்துப் பேசும் எந்த விமர்சனமும் பாதி விமர்சனம்தான். 1950இல் டங்கன் பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ காவியத்தைப் ‘பொன்முடி’ ஆக்கியபோது, வெள்ளையர் ஆட்சி போய் மூன்றாண்டு ஆகியிருந்தது. காதல் காட்சிகளில் நெருக்கம் அதிகம் என்று அப்போதும் கண்டனம் எழுந்தது.

வெள்ளைக்காரப் பெண்ணும் தமிழ் ஆணும் காதலிக்கும் கதையைத் தமிழ் சினிமா பெரிய அளவில் எடுத்தது 2010இல். விஜய் இயக்கிய ‘மதராசபட்டினம்’. ஆர்யா நடித்த சலவைத் தொழிலாளி பரிதி, எமி ஜாக்சன் நடித்த கவர்னர் மகள். நாயகன் சலவைத் தொழிலாளி என்பது துணிச்சலான தேர்வு. இனமும் வர்க்கமும் சாதியும் ஒரே உடலில் வந்து நிற்கின்றன. கதை இருவரையும் எங்கே கொண்டு சேர்க்கிறது? விடுதலை கிடைக்கும் அதே நாளில் பிரிக்கிறது. கிழவியாகி அவள் சென்னைக்குத் திரும்பும்போது அவன் உயிரோடு இல்லை. நாடு சுதந்திரமடைந்து 63 ஆண்டுகள் கழித்து, நம் திரையே எடுத்தபோதும், அந்த இருவருக்கும் ஒரு வீட்டைத் தர முடியவில்லை.

நிஜத்தில் அப்படி ஒரு வீடு இருந்தது. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் 1915இல் ஆஸ்திரேலியாவில் இருந்தபோது மாலி ஃபிங்க் என்ற இளம்பெண்ணைச் சந்தித்தார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று மெல்போர்னில் பதிவுத் திருமணம். பிரிட்டிஷ் அரசு அவளை ராணியாக ஏற்க மறுத்தது. புதுக்கோட்டைக்கு வந்த சில மாதங்களில், கருவுற்றிருந்த மாலிக்கு யாரோ அரளி கொடுத்துக் கொல்லப் பார்த்ததாகச் சொல்லப்பட்டது. ஒரு பக்கம் ஆளும் இனத்தின் மறுப்பு, மறுபக்கம் உள்ளூர் அரண்மனையின் விஷம். 1916இல் இருவரும் புதுக்கோட்டையை விட்டுக் கிளம்பினார்கள். ஜூலையில் மகன் பிறந்தான். மார்த்தாண்ட சிட்னி என்று பெயரிட்டார்கள். அரசுரிமை அவனுக்கு இல்லை என்பது தெரிந்ததும் மன்னர் பதவியை நம்பிக் காத்திருக்கவில்லை. ஆட்சிப் பொறுப்பைச் சகோதரரின் கையில் விட்டுவிட்டுப் பிரான்சில் கான் நகரில் மனைவி மகனோடு குடியமர்ந்தார்.

1928 மே மாதம் பாரிசில் அவர் இறந்தார். உடலை ஊருக்குக் கொண்டுவர அனுமதி கிடைக்கவில்லை. லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் எரியூட்டப்பட்டது. அவருக்குப் பின் அரியணையில் அமர்த்தப்பட்டது உறவுக் குடும்பத்தின் ஆறு வயதுச் சிறுவன் ராஜகோபாலத் தொண்டைமான். அந்தச் சிறுவன் வளர்ந்து 1948 மார்ச்சில் சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைத்தபோது, புதுக்கோட்டை திருச்சி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. 1974 வரை பெரம்பலூரும் அரியலூரும் புதுக்கோட்டையும் ஒரே மாவட்டம். ஒரே ஆட்சியர் அலுவலகம். ஹாலிவுட் கொள்ளைநோயால் முடித்துவைத்த உறவை, தமிழ்த்திரை விடுதலை நாளில் அறுத்த உறவை, மார்த்தாண்ட பைரவரும் மாலியும் கிட்டத்தட்ட பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார்கள். கணவருக்குப் பின் மாலி 1967 வரை இருந்தார். ரஞ்சன்குடியையும் ழானையும் ஆனந்தரங்கப் பிள்ளையையும் போலவே, இந்த இருவரும் இன்னும் ஒரு நல்ல தமிழ்ப் படத்துக்காகக் காத்திருக்கிறார்கள். எடுக்கப் போகிறவர்கள் அவர்களைக் கடைசிக் காட்சியில் சாகடிக்க வேண்டிய அவசியமில்லை. மன்னர் எதைத் துறந்து எதை எடுத்துக்கொண்டார் என்பதிலிருந்தே கதையைத் தொடங்கலாம்.